சேலத்தில் இருந்துகொண்டே டிரம்ஸ் வாசித்துப் பிழைக்க

"அண்ணா, சென்னைக்குக் குடிபோகாம டிரம்ஸ்ல சம்பாதிக்க முடியுமாங்ணா?" கோயில் கச்சேரி முடிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் பின்னால் வந்து இப்படிக் கேட்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். முடியும். நான் அப்படித்தான் இருக்கிறேன். வீடு அம்மாப்பேட்டையில், கச்சேரி சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம், நண்பர்களோடு ஒரு ராக் பேண்ட், மாதத்தில் சில நாள் ரெக்கார்டிங். ஆனால் எப்படி என்பதைப் பத்து நிமிஷத்தில், வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது சொல்ல முடிவதில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் செஷன் வாசிப்பு என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு பேண்டில் நிரந்தர ஆளாக இல்லாமல், இந்தப் பாட்டுக்கு, இந்தக் கால்ஷீட்டுக்கு என்று கூப்பிட்டால் போய் வாசித்துக் கொடுத்துவிட்டு வருவது. 1962 செப்டம்பரில் பீட்டில்ஸ் தங்கள் முதல் சிங்கிளுக்காக லண்டன் ஸ்டூடியோவில் இருந்தபோது, ரிங்கோ ஸ்டார் அங்கேயே இருக்க, ஆண்டி வைட் என்கிற செஷன் டிரம்மரை வரவழைத்து உட்கார வைத்தார்கள். ரிங்கோ கையில் டம்பரின் கொடுத்தார்கள். ரிங்கோ எவ்வளவு பெரிய டிரம்மர் என்று பின்னால் உலகமே கேட்டது, ஆனால் அன்றைக்கு ஸ்டூடியோக்காரர்களுக்கு வேண்டியிருந்தது ரெக்கார்டிங் பழகிய ஒரு கை. அமெரிக்காவில் ஹால் பிளெய்ன் என்று ஒருவர், 2019-இல் தொண்ணூறு வயதில் இறந்தார். 1966 முதல் 1971 வரை ஆறு வருஷம் தொடர்ந்து அந்தந்த வருஷத்தின் சிறந்த ரெக்கார்டு என்று கிராமி வாங்கிய பாட்டு எல்லாவற்றிலும் டிரம்ஸ் அவர்தான். பாட்டைக் கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் பெயரே தெரியாது. இந்த வேலையின் தன்மை அது. அது உங்களுக்குச் சம்மதமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, மேடையில் நன்றாக வாசிக்கிற ஆள் ரெக்கார்டிங்கிலும் நன்றாக வாசிப்பாரா? நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் ரெக்கார்டிங் சென்னை சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில். மூன்று டேக் வாசித்தேன், நிறைவாக இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். இன்ஜினியர் ஒன்றும் பேசாமல் ஸ்னேர் (நமக்கு நேர் முன்னால் இருக்கிற சின்ன டிரம்) மைக்கை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினார். ஸ்னேரைவிட, பக்கத்தில் ஜோடியாக இருக்கிற ஹை-ஹேட் சிம்பல்தான் அதில் அதிகமாகக் கேட்டது. அப்புறம் காலால் அடிக்கிற பெரிய டிரம்மான கிக்கை மட்டும், தாளம் காட்ட ஹெட்போனில் ஓடுகிற க்ளிக்கோடு சேர்த்துப் போட்டார். பல்லவியிலிருந்து பிஜிஎம்முக்கு (பாட்டுக்கு நடுவில் வருகிற இசை) போகிற ஒவ்வொரு ஃபில்லிலும், அதாவது இடைவெளியை நிரப்பி வாசிக்கிற உருட்டலிலும், நான் முந்தியிருந்தேன், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு. "மேடையில பழகின கை தம்பி. ஹேட்டைப் பாதியாக் குறைங்க, ஃபில்லை விட்டுடுங்க, இன்னொண்ணு போலாம்" என்றார். நான்காவது டேக்தான் பாட்டில் போனது. வாசிக்கும்போது நம் காதுக்குக் கேட்பது ஒன்று, ஸ்பீக்கரில் திரும்பி வருவது இன்னொன்று, நமக்குக் காசு கொடுப்பது இரண்டாவதுக்குத்தான். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே அதிலிருந்து வருவதுதான்.

பயிற்சி

தினமும் வாசிப்பதைப் போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், வாசித்த சூடு கையில் இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். மறுநாள் காலையில், காபி குடித்துவிட்டு, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எங்கே ஓடுகிறீர்கள், எங்கே இழுக்கிறீர்கள், எந்த அடி சத்தம் பத்தவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி, அன்றைய பயிற்சி அந்த ஒன்றுக்கு மட்டும். மூன்று மாதம் இப்படிச் செய்கிறவர், மூன்று வருஷம் யூடியூப் பார்த்து ஃபில் பழகியவரைத் தாண்டிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ருடிமெண்ட் என்கிற அடிப்படை அடி வரிசைகள் சர்வதேசப் பட்டியலில் 40 இருக்கின்றன. ஆரம்பத்தில் நாற்பதும் வேண்டாம். சிங்கிள் ஸ்ட்ரோக், டபுள் ஸ்ட்ரோக், பாரடிடில், ஃபிளாம் (ஒரு மெல்லிய அடி ஒட்டி முன்னால் வருகிற அடி), இந்த நான்கையும் தாளம் காட்டுகிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து, சத்தம் எல்லா அடியிலும் ஒரே அளவாக வரும்வரை. பாரடிடில் என்பது வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது, அவ்வளவுதான், ஆனால் 60-இல் ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள், இடது கையின் இரண்டாவது அடி மெலிந்து போவது உங்களுக்கே கேட்கும். வேகத்தை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும்.

அப்புறம் க்ளிக். முதலில் நாலு தட்டுக்கும் க்ளிக். பழகியதும் இரண்டாவது, நாலாவது தட்டுக்கு மட்டும். அதுவும் பழகியதும் இரண்டு பார் (இங்கே ஒரு பார் என்பது நாலு தட்டு) க்ளிக், இரண்டு பார் அமைதி என்று வைத்து, அமைதி முடிந்து க்ளிக் திரும்பி வரும்போது நீங்கள் அதன் மேலேயே இருக்கிறீர்களா என்று பாருங்கள். டெம்போ 120 என்றால் ஒரு தட்டு அரை செகண்ட், அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125 மில்லி செகண்ட். கம்ப்யூட்டரில் ப்ரோகிராம் செய்து திரும்பத் திரும்ப ஓடுகிற லூப் மேல் வாசிக்கும்போது 20 மில்லி செகண்ட் தள்ளினாலே இரட்டை அடி போலக் கேட்டுவிடும். இன்றைக்கு சினிமாப் பாட்டில் பெரும்பாலும் லூப் கீழே ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

தவில், பம்பை, உருமி வாசிக்கிறவர்கள் உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இருந்தால் போய் உட்காருங்கள். பம்பைக்காரர் ஒருவர் எனக்கு தகிட, தகதிமி, தகதகிட என்று வாயால் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டக் கற்றுக்கொடுத்தார். அஞ்சு தட்டு, ஏழு தட்டு வந்தால் எண்ணிக்கொண்டே வாசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எண்ணுகிற கவனம் பாட்டின் மேல் இருக்காது. வாயில் சொல் இருந்தால் எண்ணவே வேண்டாம். ராக் வாசிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எனக்குக் கிடைத்த ரெக்கார்டிங்கில் பாதி, மேற்கத்திய டிரம்ஸில் நம்ம ஊர் நடையை வாசிக்கத் தெரிந்ததால் கிடைத்தது.

என்ன வாங்க வேண்டும்

முதல் வருஷம் ஒரு பிராக்டிஸ் பேட், ஒரு ஜோடி 5ஏ அளவு ஸ்டிக்ஸ், போனில் ஒரு மெட்ரோனோம். இதற்கு மேல் வாங்காதீர்கள். அதன் பிறகு செட் வாங்கும்போது பழைய செட்டே போதும், ஆனால் ஸ்னேர், கிக் பெடல், சிம்பல் இந்த மூன்றிலும் காசைப் பார்க்க வேண்டாம். ஸ்டூடியோவுக்குப் போனால் கிக்கும், மற்ற டிரம்களான டாமும் அங்கேயே இருக்கும், கையோடு கொண்டுபோகப் போவது இந்த மூன்றைத்தான். கிக் பெடல் மட்டும் உங்களுடையதாக இருந்தால்கூடப் பாதி தைரியம் வந்துவிடும்.

ஸ்கின் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். போல்ட்டை வரிசையாகச் சுற்றி முறுக்காதீர்கள், எதிரெதிராகப் போய் ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, எல்லா போல்ட் பக்கத்திலும் விரல் தள்ளித் தட்டினால் ஒரே சுருதி கேட்கும்வரை. டிரம்மின் கீழ்ப்பக்க ஸ்கின்னையும் மறக்கக் கூடாது. டியூன் ஆகாத ஸ்னேரில் டேப்பும் கர்சீஃபும் போட்டு மூடி வாசிக்கிறது மேடையில் ஓடிவிடும், மைக் பக்கத்தில் வந்தால் ஓடாது.

நம்ம ஊரில் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் "பேட் வாசிப்பீங்களா?" என்றும் கேட்பார்கள். ரோலண்ட் ஆக்டபேட். எட்டு பேடில் தவில், டோலக், பறை, கைத்தட்டல் எல்லாம் வைத்து ஒரே ஆள் வாசிப்பது. அதைக் குறைத்து நினைக்காதீர்கள், சின்ன பட்ஜெட் கச்சேரிகளில் முழு செட்டை ஏற்ற இடமே இருக்காது, பேட் தெரிந்த டிரம்மருக்கு மாதம் நாலு நாள் வேலை கூடுதலாக வரும்.

பள்ளிக்கூடம் எது

லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துவது மாதிரி கிரேடு பரீட்சை எழுதுவது நல்லதுதான், நோட்டேஷன் படிக்க வந்துவிடும், எட்டாவது கிரேடு வரை இருக்கிறது. ஆனால் உண்மையான பள்ளிக்கூடம் மெல்லிசைக் குழு. சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கினால் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை என்று ஊர் முழுக்க அம்மன் கோயில்களில் விழா, ஒரே வாரத்தில் தினமும் கச்சேரி. ஒத்திகை கிடையாது. பாடகர் மேடையில் வந்துதான் எந்தப் பாட்டு என்று சொல்வார், சில சமயம் டெம்போவும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வரியில்தான் தெரியும். மூன்று தட்டில் போகிற பழைய வால்ட்ஸ் நடைப் பாட்டு முடிந்த கையோடு குத்துப்பாட்டு. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் திரும்பி, "டிரம்ஸ் கொஞ்சம் அடக்கி வாசிப்பா, அம்மா பாடுறது கேக்கல" என்பார். அந்த ஒரு வரியில் இருக்கிறது முழு செஷன் வாசிப்பும். பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடத்தில் நீங்கள் ஃபில் வைக்கலாம், வார்த்தை இருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி போலீஸ் வந்து நிற்கும்போது கடைசிப் பாட்டைப் பாதியாகக் குறைத்து, யாரும் தடுமாறாமல் முடிக்கத் தெரிய வேண்டும், அதுவும் இங்கேதான் வரும்.

சர்ச் கொயரில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே எதிரொலி அதிகம், மெதுவாக வாசித்தாலே பரவும், அதனால் கை தானாக அடங்கும். தமிழ்நாட்டில் நல்ல டிரம்மர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

ராக் வாசிக்க இடம் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஏற்காட்டு ரிசார்ட்டுகளில் டிசம்பர் 31, மே மாதம் கோடை விழாச் சமயம், இவ்வளவுதான். இருந்தாலும் சொந்தமாக ஒரு பேண்ட் வைத்திருங்கள். ஜெஃப் போர்க்காரோ இருபது வயதிலேயே அமெரிக்காவில் பெரிய ஸ்டூடியோக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர், கூடவே நண்பர்களோடு டோட்டோ பேண்டையும் நடத்தினார். 1992-இல் 38 வயதில் போய்விட்டார், அவர் ஹை-ஹேட்டை இன்னும் எல்லோரும் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பேண்டில்தான் உங்கள் சொந்தக் குரல் உருவாகும், அந்தக் குரலுக்காகத்தான் பின்னால் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுவார்கள்.

ஏற்காட்டுக்குச் செட் ஏற்றுவது பற்றி ஒன்று. இருபது கொண்டை ஊசி வளைவு. குட்டி யானையில் கிக் டிரம்மைப் படுக்க வைத்துக் கட்டாமல் விட்டால் மூன்றாவது வளைவிலேயே உருளத் தொடங்கும். ஸ்டாண்டுகளைத் தனிப் பையில், டிரம்ஸுக்கு நடுவில் பழைய மெத்தை, சிம்பல் மட்டும் டிரைவர் பக்கத்தில் உங்கள் மடியில். மேலே பனி இறங்கினால் சிம்பல் மேல் ஈரம் படியும், முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் பைக்குள் வைக்க வேண்டும். கீழே வெயிலில் டியூன் செய்த ஸ்னேரை மேலே போய் இன்னொரு தடவை பாருங்கள்.

வீட்டிலிருந்து ரெக்கார்டிங்

இப்போது வருகிற வேலையில் நிறைய இப்படித்தான். இசையமைப்பாளரோ, அவருக்காகக் கம்ப்யூட்டரில் இசையைக் கோத்துத் தருகிற கீபோர்டு ப்ரோகிராமரோ பாட்டை அனுப்புவார், நீங்கள் டிரம்ஸ் வாசித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மைக் நாலு போதும், கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே ஓவர்ஹெட் என்று இரண்டு. மேலே இருக்கிற இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், தையல்காரர் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரு மைக் தூரமாகவும் இன்னொன்று பக்கமாகவும் இருந்தால் ஒரே அடி இரண்டு நேரத்தில் பதிவாகி, சேர்த்துக் கேட்கும்போது ஸ்னேர் சப்பையாகிவிடும். அறைக்கு விலையுயர்ந்த ஃபோம் எல்லாம் வேண்டாம். செட்டுக்கு அடியில் பவானி ஜமுக்காளம், பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, தலைக்கு மேல் தகர ஷீட் என்றால் அதற்குக் கீழே கனமான போர்வை. எல்லாச் சுவரையும் மூடிவிடவும் கூடாது, அறையின் சத்தமும் டிரம்ஸில் ஒரு பங்கு. லெட் ஸெப்பெலின் பேண்டின் டிரம்மர் ஜான் பானம் 1971 ஆல்பத்துக்கு ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் செட்டை வைத்து, மைக்கை மேல் மாடியில் தொங்கவிட்டு வாசித்ததை இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறி. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், காதில் விழுவதே இல்லை. ஒரு தடவை மெதுவான பாட்டு ஒன்றுக்கு வாசித்து அனுப்பினேன், ராத்திரி போன் வந்தது. "அண்ணா, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓவர்ஹெட்ல டக் டக்னு ஏதோ ஓடுதே, அது பாட்டு டெம்போலயே இல்லையே?" ஹெட்போன் போட்டுக் கேட்டேன். தறி. நான் ஆறு மணி நேரம் வாசித்தது முழுவதும் அது ஓடியிருக்கிறது. தறிக்காரரிடம் பேசி, அவர் நிறுத்துகிற நேரம் கேட்டு, மறுபடி முழுவதும் வாசித்தேன். அன்றிலிருந்து எந்த வேலைக்கும் முன்னால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து வெறும் அறையை ரெக்கார்ட் செய்து கேட்கிறேன். ஃபேன், மோட்டார், நாய், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாம் தெரிந்துவிடும்.

அனுப்பும்போது: ஒவ்வொரு மைக்கும் தனி வேவ் ஃபைல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், அவர்கள் வேறு கேட்டால் அது. எல்லாமே பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நடுவிலிருந்து வெட்டி அனுப்பினால் எங்கே பொருத்துவது என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். பெயரில் பாட்டு, டெம்போ, மைக். எஃபெக்ட் எதுவும் போடாதீர்கள். இரண்டு டேக் கொடுங்கள், ஒன்று ஃபில் இல்லாமல் வெறும் நடை, இன்னொன்று உங்கள் மனசுக்குப் பட்டபடி. முதலாவதைத்தான் அதிகம் எடுத்துக்கொள்வார்கள், வருத்தப்படாதீர்கள்.

கூப்பிடுவது யார், போவது எப்படி

இசையமைப்பாளரைத் தேடிப் போகாதீர்கள், ப்ரோகிராமர்களையும் ரெக்கார்டிங் இன்ஜினியர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பாட்டுக்கு நிஜ டிரம்ஸ் வேண்டும் என்று முதலில் சொல்வதும் அவர்கள், யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டால் பெயர் சொல்வதும் அவர்கள். கச்சேரியில் கூட வாசித்த கீபோர்டு அண்ணன்தான் எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது. சினிமா வேலை தொடர்ந்து வர ஆரம்பித்தால் சென்னையில் இசைக்கலைஞர் யூனியனில் சேர்வது பற்றி அங்கே வாசிக்கிற மூத்தவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சென்னைக்குக் கூப்பிட்டால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராத்திரி ஏறினால் விடிகிறதுக்குள் சென்ட்ரல். ஸ்னேர் பெர்த்துக்கு அடியில், சிம்பல் பை தலைமாட்டில். பத்து மணி ரெக்கார்டிங் என்றால் ஒன்பதுக்குள் உட்கார்ந்து டியூன் முடித்திருக்க வேண்டும். பாட்டை முன்கூட்டி அனுப்பியிருந்தால் பார் எண்ணிக்கையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முன்னிசை 8, பல்லவி 16, முதல் பிஜிஎம் 12, இப்படி. ஸ்டூடியோவில் "இரண்டாவது சரணத்திலிருந்து போலாம்" என்றால் உடனே கை போக வேண்டும்.

காசு பேசுவதில் கூச்சம் வேண்டாம். பஸ் ஏறும் முன், எத்தனை பாட்டு, எத்தனை மணி நேரம், போக்குவரத்து யார் செலவு, பேட்டா உண்டா என்று வாட்ஸாப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கச்சேரிக்குப் பாதி அட்வான்ஸ். கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கொடுப்பார்கள், பான் கொடுக்கவில்லை என்றால் 20. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், வரி வராத அளவு வருமானமாக இருந்தால் அந்தப் பணம் திரும்பி வரும், நான் முதல் நாலு வருஷம் தெரியாமல் விட்டுவிட்டேன்.

காது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியாஷ் என்கிற தொழில் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிற எல்லை, மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அதைச் சாதாரணமாகத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் பயிற்சிக்கு உட்காராதீர்கள். என்னோடு வாசித்த ஒரு அண்ணனுக்கு இப்போது எப்போதும் காதில் இரைச்சல், தூங்கும்போது ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறார், அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கடைசியாக, அனுப்பிய ஃபைல்களை அழிக்காதீர்கள். ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதம், பாட்டு பெயர், டெம்போ என்று போட்டு வையுங்கள், செட்டை எப்படி வைத்திருந்தீர்கள் என்று ஒரு போட்டோவும். வாசித்துக் கொடுத்து எட்டு மாதம் கழித்து ஒருவர் கூப்பிட்டார், பாட்டு இன்னும் வெளியாகவில்லை, சரணத்தை இரண்டு மடங்கு நீட்டிவிட்டோம், அதே ஸ்னேர் சத்தத்தில் பதினாறு பார் வேண்டும் என்றார். போட்டோவைப் பார்த்து மைக்கை அதே இடத்தில் வைத்து, பழைய ஃபைலை ஓடவிட்டு சுருதி பிடித்து, தறி நின்ற பிறகு வாசித்து அன்றைக்கு ராத்திரியே அனுப்பினேன். அவருடைய அடுத்த மூன்று பாட்டுக்கும் நான்தான் வாசித்தேன்.